வீட்டை விட்டுக் கிளப்பிய புத்தகம்

"இதைக் குடுத்தது நீங்கதானே?"

மேசைமேல் ஒரு புத்தகம் வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் என் டீ டம்ளர் ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளிர்பச்சைப் புடவை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. இதற்கு முன் நான் பார்த்திராத முகம்.

புத்தகம் என்னுடையதுதான். முதுகில் நான் பசை தடவி ஒட்டிய பழுப்புக் காகிதமே சொன்னது. ஆமாம், என்ன ஆச்சு என்றேன்.

"இதைப் படிச்சுட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு சாமியாராப் போயிட்டாரு. இதுக்கு முறிவா ஒரு புத்தகம் குடுங்க. படிச்சா அவரு வீட்டுக்கு வரணும்."

பாம்புக் கடிக்கு மருந்து கேட்பது மாதிரி கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

செங்கம் ரோட்டில் வாடகைக்குப் புத்தகம் விட ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். தூக்கம் வருகிற புத்தகம், தூக்கம் வராத புத்தகம், மாமியார் பேசும்போது முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ளத் தோதான பெரிய புத்தகம். முறிவு கேட்டவள் இவள் ஒருத்திதான்.

போன வாரம் இதே பத்தியில் நான் எழுதிய கரையான் கதையைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "புத்தகம், புத்தகம் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, புத்தகம் படித்து நிஜமாகவே மாறிப்போன ஒரு ஆளையாவது பார்த்திருக்கிறீர்களா?" கொஞ்சம் குத்தலான கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி. பார்த்திருக்கிறேன் அம்மா. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

பார்க்காத வாசகி

மகேஸ்வரி என்று அவள் பெயரையும், கீழ்பென்னாத்தூர் என்று ஊரையும் சொன்னதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். முகம்தான் புதிது, ஆள் எனக்குப் பழக்கம். பல வருஷமாக என் கடைப் புத்தகங்களைப் படித்து வருகிறவள். ஒரு தடவைகூடக் கடைக்கு வந்ததில்லை.

அவள் கணவர் சம்பத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. சனிக்கிழமைகளில் மொத்த வியாபாரியைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வருவார். வரும்போது பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிப் போவார். வீட்டில் கேட்டார்கள், ஏதாவது ஒன்று கொடுங்கள் என்பதோடு பேச்சு முடிந்தது. அட்டையைக்கூடப் பார்க்க மாட்டார். யூரியா பில்லோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆக, முகம் தெரியாத ஒருத்திக்கு நான் புத்தகம் பொறுக்க வேண்டியிருந்தது. எனக்குத்தான் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற புத்தி ஜாஸ்தி ஆயிற்றே, அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதலில் குடும்பக் கதைகள் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமையே திரும்பி வந்தன. பக்திப் புத்தகம் ஒன்று அனுப்பினேன். அது பிரித்த மாதிரியே தெரியவில்லை. ஒருநாள் கைக்கு அகப்பட்டதே என்று, கப்பலில் சமையல்காரராகப் போன ஒருவரின் பயணக் கதையைக் கொடுத்தேன். அது வாரக்கணக்கில் வரவே இல்லை. கேட்டதற்கு, "திரும்பத் திரும்பப் படிக்கிறா போல" என்றார் சம்பத்.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. யாராவது எங்கேயாவது கிளம்பிப் போகிற கதைதான் இந்தப் பெண்ணுக்கு வேண்டும். அதற்கப்புறம் ரயில், படகு, பாலைவனம் என்று தேடித் தேடி அனுப்பினேன்.

கடைசியாக அனுப்பியதுதான் மேசையில் விழுந்த இந்தப் புத்தகம். அட்டை போய், முதல் பக்கங்களும் போய், எழுதியவர் யாரென்றே தெரியாத ஒரு நாவல். ஆற்றங்கரையில் தறி நெய்கிறவன் ஒருநாள் தறியை அப்படியே விட்டுவிட்டு, இந்த ஆறு எங்கேதான் போய்ச் சேருகிறது, பார்ப்போமே என்று கரையோடு நடக்க ஆரம்பிப்பான். அவ்வளவுதான் கதை.

கோடு போடக் கூடாது

இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் எனக்கு லாட்ஜ்களிலிருந்து வருகிறது. தியானம் பண்ணவென்று வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், ஊருக்குப் போகும்போது புத்தகங்களை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் விட வந்தவர்கள் முதலில் விடுவது புத்தகத்தைத்தான். லாட்ஜ்காரர்கள் அதை மூட்டை கட்டி என் தலையில் தள்ளிவிடுவார்கள்.

எடுத்துப் படிக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மன நிம்மதி தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கொலைக் கதை கேட்கிறார்கள். வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு அம்மா சோகக் கதையாகப் பார்த்து எடுப்பார். வீட்டில் அழ வசதியில்லையாம், பஸ்ஸிலேயே அழுது முடித்துவிட்டுப் போவாராம்.

பக்கத்துக் கடை டெய்லர் பாய் புத்தகப் பக்கமே வராத மனுஷர். ஒருநாள் கரண்ட் போன நேரத்தில், பொழுது போகாமல் பறவைப் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அடுத்த மாசத்திலிருந்து இந்த ஏரியாப் பெண்களின் ஜாக்கெட் முதுகிலெல்லாம் மீன்கொத்தி உட்கார ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்களுக்கும் தைத்தார், கேட்காதவர்களுக்கும் தைத்தார். ஒரு புத்தகம் யாருக்குள் போய் என்ன செய்யும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை.

எதை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும், புத்தகத்தில் கோடு மட்டும் போடக் கூடாது. அதுதான் என் கடைச் சட்டம். வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று, எங்காவது ஒரு பக்கத்தில் திருட்டுத்தனமாக அடையாளம் வைப்பார்கள். பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு புள்ளி. சில பேர் 'அறுவை' என்று எழுதியே வைப்பார்கள்.

எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, ரப்பர் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவேன். கோடு போட்டவர் கையில் சிக்கினால் வாசலிலேயே அர்ச்சனை நடக்கும். சம்பத் பல சனிக்கிழமை அதை நின்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு மகேஸ்வரி கொண்டுவந்த புத்தகத்தைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. எனக்கு வந்ததே கோபம். சாமியாராகப் போகிற மனுஷனுக்குப் பென்சில் எதற்கு என்று கத்திக்கொண்டே ரப்பரைத் தேடினேன். அவள் சட்டென்று புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"அழிக்காதீங்கக்கா."

பாவம், புருஷன் போட்ட கோடு, அவளிடம் மிச்சம் இருப்பது அதுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முறிவு தேடிய கதை

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை சம்பத் டவுனுக்குக் கிளம்பவில்லை. திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்த புத்தகத்தைக் கடையிலேயே உட்கார்ந்து படித்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எனக்கு உத்தரவு வந்துவிட்டது என்று சொல்லி, கடைச் சாவியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன இடம் இமயமலை இல்லை. கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி, டவுனில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடும். அதனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கூட்டி வருகிறேன் என்று போனவர்களில் இரண்டு பேர் அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்களாம். நீ கொடுத்து வைத்தவள் என்று மகேஸ்வரிக்கு வேறு ஊரில் பாராட்டு.

"ஆடிப் பட்டம் வருதுக்கா. கடையில மூட்டை வந்து இறங்கினே இருக்கு. மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் வராது, அவரைத் தூக்கி உக்கார வைக்கிறதும் நான்தான். எத்தனை நாளைக்கு ஒருத்தியே பாக்கறது? அவரு வந்துட்டாப் போதும்."

குரல் உடையவில்லை. அழுதிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அலமாரி அலமாரியாகத் தேடினேன். ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்புகிற புத்தகம் ஒன்று இருக்கிறதா என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. எடுத்த புத்தகத்திலெல்லாம் எவனாவது வீட்டை விட்டுக் கிளம்புகிறான். திரும்பி வருவதெல்லாம் கடைசி இரண்டு பக்கத்தில் அவசர அவசரமாக முடிந்துபோகிறது. கடைசியில் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்தேன். சம்பத்துக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பாடு வேண்டும் என்று மகேஸ்வரி சொல்லியிருந்தாள்.

டெய்லர் பாய் எல்லாவற்றையும் தையல் மெஷினில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "புக்கு எதுக்கும்மா? அந்த அம்மாவைக் கூட்டினு நேரா போங்க" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது.

கயிறு சாத்துவது

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் மறுபடி வந்தாள். இருவரும் ஆட்டோவில் கிளம்பினோம். மடியில் பெரிய பை ஒன்று வைத்திருந்தாள். அவருக்கு வேட்டி, சட்டை எடுத்து வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தரவு வந்ததென்றால் எப்படி வந்தது என்று வழியில் கேட்டேன். மனசில் கேள்வியை நினைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாராம், பதில் இருந்ததாம் என்றாள்.

அது எனக்குத் தெரிந்த பழக்கம்தான். கயிறு சாத்திப் பார்ப்பது என்பார்கள். ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு, மூடியிருக்கிற சாமிப் பாட்டுப் புத்தகத்துக்குள் கயிறு ஒன்றைச் செருகுவார்கள். கயிறு நிற்கிற பக்கத்தில் என்ன பாட்டு வருகிறதோ அதுதான் சாமி சொல்லும் பதில். சில ஓதுவார்கள் இன்றைக்கும் பார்த்துச் சொல்கிறார்கள்.

இந்தக் கடையை ஆரம்பிக்கலாமா, வேண்டாமா என்று நான்கூட ஒரு தடவை பார்த்தேன். வீட்டில் பாட்டுப் புத்தகம் கைக்கு அகப்படவில்லை. இருக்கிற புத்தகம் போதும் என்று கயிற்றைச் செருகினேன். ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வந்தது. கால்நடை வளர்ப்புப் புத்தகம். ஆட்டுக்கு நல்ல வைத்தியம்தான், எனக்குத்தான் ஆடு இல்லை. நானாகவே முடிவு செய்து கடையைத் திறந்தேன்.

அடி அண்ணாமலையில்

சம்பத் ஒரு புங்கமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கடை மடிப்புக் கலையாத காவி வேட்டி. இளைத்துப்போயிருப்பார் என்று நினைத்துப் போனேன். அன்னதானச் சாப்பாட்டில் கன்னம் உப்பிப் பளபளவென்று இருந்தார். மகேஸ்வரி அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாங்கக்கா" என்றார், சனிக்கிழமை நான் அவரை வரவேற்கிற மாதிரியே. மனைவியைப் பார்த்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இருக்கிறார் என்றாள்.

சமையல் புத்தகம் என் பையிலேயே கிடந்தது. எனக்கு இருந்த அரிப்பு வேறு. கையோடு கொண்டுபோயிருந்த அந்த நாவலை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதில் அப்படி என்னதான் கண்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. நாளைக்கும் இதே மூட்டை, இதே கல்லா என்று கொஞ்ச நாளாகவே மனசு வெறுத்துக் கிடந்ததாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டுப் பிரித்தாராம். தறிக்காரன் வீட்டுக் கதவைச் சாத்தாமல் கிளம்புகிற இடம் வந்ததாம். அந்த வரிக்குக் கீழே கோடு. வேறு பக்கத்தைப் பிரித்தால் அங்கேயும் கோடு.

கோடு போட்டது நீங்கள்தானே என்றேன்.

"நான் எங்கக்கா போட்டேன்? நீங்க கோடு போட்ட புத்தகத்தை வெளியவே விட மாட்டீங்க. ரப்பர் வெச்சுத் தேய்க்கறதை நானே பாத்திருக்கேன். எங்க வீட்ல கோடு போட்டுப் படிக்கிற ஆளு யாரும் கிடையாது. அப்ப யாரு போட்டது?"

சொல்லிவிட்டு மலையை நோக்கிக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

என் ரப்பர் போய் இப்படி ஒரு அற்புதத்துக்குச் சாட்சியாகும் என்று நான் கண்டேனா?

"நான்தான் போட்டேன்" என்றாள் மகேஸ்வரி.

அவர் சிரித்தார். "நீ எதுக்கு மகேசு கோடு போடப் போற?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். தறிக்காரன் மணலில் படுத்துத் தூங்கி, யாரும் எழுப்பாமல் தானாக எழுந்துகொள்கிற இடம். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் யாரோ பரிமாற, அவன் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். நாள் முழுக்க ஒருவரும் அவனைக் கூப்பிடாத இடம். நான் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்ன ஒவ்வொரு வரியின் கீழும் கோடு இருந்தது. ஒன்றையும் அவள் விடவில்லை.

சம்பத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"எனக்குத்தான் போகணும்னு இருந்துச்சு" என்றாள். "நீங்க போயிட்டீங்க."

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். வருஷக்கணக்காக அவளுக்கு ரயிலும் படகுமாக அனுப்பியவள் நான். நல்ல ரசனை உள்ள பெண் என்று நினைத்ததோடு என் மூளை நின்றுவிட்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்து பாயைச் சுருட்டினார். "சரி, வா. வீட்டுக்குப் போலாம்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. முறிவு வேலை செய்துவிட்டது, ஒரு புத்தகம்கூடச் செலவாகவில்லை என்று மனசுக்குள் குதித்தேன். மகேஸ்வரியும் எழுந்தாள். பையைத் திறந்து கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பைக்குள் மடித்து வைத்த புடவைகள் தெரிந்தன. வேட்டி, சட்டை எதுவும் இல்லை.

"நீங்க போங்க. மத்தியானம் லோடு வரும். அப்பாவுக்குப் பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன், மாத்திரை டப்பாவுல எது எப்பனு ஒட்டி வெச்சிருக்கேன். நான் வரேன்."

"எப்ப வருவ?"

"தெரியல."

எப்போது வருவாய் என்றுதான் அவர் கேட்டார். எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய், கை காட்டி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சம்பத்தை நான் வந்த ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "அவளுக்கு எப்பலேருந்துக்கா இப்படி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரே வீட்ல இருக்கறது நீங்க. என்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், காவியைப் பார்த்து யாரோ மரியாதையாக எழுந்து சம்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். அவர் உட்காராமல் நின்றுகொண்டே போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பத் தினமும் போன் பண்ணினார். லோடு இறக்கியாகிவிட்டது, அப்பாவைக் குளிப்பாட்டியாகிவிட்டது, உங்களிடமாவது ஏதாவது சொன்னாளா என்று கேட்பார். இல்லை என்பேன். அவள் போன் அணைந்தே கிடந்தது. திரும்பி வராமலேயே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. நாங்கள் இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவள் எண்ணிலிருந்தே போன் வந்தது.

"வந்துட்டேன்க்கா. நேத்தே வந்துட்டேன்."

நல்லபடியாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று என்னென்னவோ உளறினேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"எங்க போனீங்க மகேஸ்வரி?"

சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு முன்னாடி அவரு கேட்டுட்டாருக்கா. வாசல்ல வந்து நின்னதும், எங்க போன, என்ன பாத்தனு கேட்டாரு. நேத்துலேருந்து சொல்லினு இருக்கேன், இன்னும் முடியல. இந்த சீசன்ல கடையைச் சாத்திட்டு எதிர்ல உக்காந்து கேட்டுனு இருக்காரு. வெச்சிடட்டா?"